அழுக்கே வடிகட்டி



முள்ளை முள்ளால் எடுக்கலாம் என்பது நம் முன்னோர் மொழி. துணி வெளுப்போர் அழுக்கைப் போக்குவதற்கு உவர்மண்ணைத் துணியில் ஏற்றி வெளுத்ததையும் நாம் அறிவோம். ஆனால், கழிவுநீரிலுள்ள அழுக்கை வடிப்பதற்கு அந்த அழுக்கையே வடிகட்டியாகக் கொள்ளலாம் என்று ஒருவர் கூறுவாராயின், நாம் சற்றுத் தயங்கவே செய்வோம். இஃது விளையாட்டுப் பேச்சன்று. பல நாடுகளின் ஆராய்ச்சிக்கூடங்களில் ஆராயப்பட்டு வரும் ஒரு முறையின் சுருக்கமே இது. அதற்கு இயங்கு சவ்வு வடிப்பு என்று பெயர். அம்முறையைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

வடிகட்டுதல் என்றால் என்ன? துளையைவிடப் பெரிய பொருள் நின்றுவிடும். சிறிய பொருள் கடந்துவிடும். மாவு சலிக்கும் சல்லடையைப் பார்த்தே இந்தக் கருத்தை நாம் பெற்றிருக்கிறோம். இக்கருத்து பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. நீங்களே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு பாத்திரத்தின் வாயில் பருத்தித் துணியைக் கட்டி, மழைக்காலத்துக் குளத்தின் கலங்கல் நீரை அதில் ஊற்றுங்கள். முதலில் இறங்கும் நீர் கலங்கலாகவே இருக்கும். சிறிது நேரம் கழித்து, அதே துணியின் வழியாக அதே குளத்து நீர் முன்னைவிடத் தெளிவாக இறங்கும். மேலும் சிறிது நேரம் சென்றால், நீர் இறங்குவதே குறைந்து, சொட்டுச் சொட்டாக வடியத் தொடங்கும்.

இம்மூன்று நிலைகளிலும் துணி மாறவில்லை. மாறியது துணியின்மேற் படிந்த சேறு. முதலில் சேறு இல்லை. ஆகவே வடிப்பும் இல்லை. பிறகு மெல்லிய சேற்றுப் படலம் உண்டாயிற்று, நீர் தெளிந்தது. பின்னர் அப்படலம் தடித்தது. நீரின் வழி அடைபட்டது. நீரைத் தெளிவித்ததும் சேறே. வழியை அடைத்ததும் சேறே. இந்த உண்மையை நினைவில் நிறுத்திக்கொண்டால், நான் இனிச் சொல்லவிருப்பவை யாவும் எளிதில் விளங்கும்.

இவ்வுண்மையின் பெருமையை உலகம் ஒரு கொடிய நிகழ்ச்சியின் வாயிலாக உணர்ந்தது. ஜெர்மனியில் எல்பே ஆற்றின் கரையில் ஹாம்பர்க் நகரம் உள்ளது. அதனை ஒட்டி, ஆற்றின் கீழ்ப்போக்கில் அல்டோனா என்னும் நகரம் இருந்தது. 1892-ஆம் ஆண்டில் ஹாம்பர்க்கில் காலரா நோய் பரவி, ஏறத்தாழ 8,600 பேரைக் கொன்றது. ஹாம்பர்க் மக்கள் ஆற்று நீரை வடிகட்டாமல் பருகி வந்தனர். அல்டோனா மக்களும் அதே ஆற்று நீரைத்தான் பருகினர். அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பின்னர் வரும் நீரை. ஆயினும் அல்டோனாவில் நோய் பெரிதாகப் பரவவில்லை. இரு நகரங்களின் எல்லையாக அமைந்த தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் நோய் புகுந்தது. எதிர்ப் பக்கத்து வீடுகளில் புகவில்லை. காற்று ஒன்று, மண் ஒன்று, மக்களின் வாழ்க்கையும் ஒன்று. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். அல்டோனா தன் நீரை மணற்படுகையின் வழியாக மெல்ல இறக்கி வடித்து வந்தது.

மணல் மணிகளுக்கு இடையேயுள்ள இடைவெளி காலராக் கிருமிக்கு மிகப் பெரிய வாயில். கிருமியை அங்கே தடுத்து நிறுத்தியது யாது? மணலின் மேற்பரப்பில் நாளடைவிற் படிந்த வண்டலும் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்த வழவழப்பான தோல் போன்ற படலமே அதில் பெரும் பங்கு வகித்தது. இப்படுகைகளைப் பராமரித்த ஜெர்மானியர் அதனை அழுக்குப் போர்வை என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். அழுக்குப் போர்வைதான் ஒரு நகரத்தைக் காத்தது.

கதை இத்துடன் முடியவில்லை. 1893-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடுங்குளிர் காலத்தில், அதே அல்டோனாவிலும் காலரா தலைகாட்டியது. நுண்ணுயிர் இயலின் தந்தையருள் ஒருவரான ராபர்ட் கோக் அதன் காரணத்தை ஆராய்ந்தார். வடிப்புப் படுகைகளுள் ஒன்று சுத்தம் செய்யப்பட்ட வேளையில் உறைபனியால் பாதிக்கப்பட்டிருந்தது. அது சரிவர வேலை செய்யாமல் கிருமிகளைக் கீழே விட்டுவிட்டது என்று அவர் கண்டார். பழைய தோல் சுரண்டி எடுக்கப்பட்டு, புதிய தோல் உருவாகாத வடிகட்டியைப் போல அபாயமானது வேறில்லை. அதனாலேயே, மணற்படுகையின் வழியாக நீர் இறங்கும் வேகம் மணிக்கு 100 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்றும், வடிந்த நீரை நாள்தோறும் சோதிக்க வேண்டும் என்றும் கோக் வற்புறுத்தினார்.

இனி, குடிநீரை விட்டுக் கழிவுநீருக்கு வருவோம். வீடுகளிலிருந்து வெளியேறும் கழிவுநீரில் பெரும்பகுதி வெறும் நீரே. அதிற் கரைந்தும் மிதந்தும் கிடக்கும் சிறிதளவு உயிர்ப்பொருள்தான் தொல்லை தருவது. அது ஆற்றிற் கலந்தால், ஆற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை உண்டு பெருகும். அவ்வாறு உண்ணும்போது நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவை அவை செலவழித்துவிடுகின்றன. மீன்கள் மூச்சுக்குத் திணறி மடிகின்றன, ஆறு நாறுகிறது. ஆகவே, ஆற்றில் நடக்கும் அந்த உணவு வேளையை ஆற்றுக்குச் செல்லுமுன் ஒரு தொட்டியிலேயே நடத்தி முடித்துவிடுவது நல்லதன்றோ? இதுவே கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் தத்துவம்.

இதனை நடைமுறையில் நிலைநாட்டியவர்கள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்னும் இருவர். கழிவுநீரிற் காற்றைச் செலுத்தி, அடியில் தங்கும் கசடைக் கொட்டிவிடாமல் மீண்டும் மீண்டும் புதிய கழிவுநீருடன் சேர்த்தால், அக்கசடில் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சில மணி நேரத்தில் உண்டு தீர்க்கும் என்று 1914-ஆம் ஆண்டில் அவர்கள் எடுத்துக்காட்டினர். உயிர்த்துடிப்புள்ள அந்தக் கசடுக்குக் கிளர்வுற்ற கசடு என்று பெயர் வழங்கலாயிற்று. அவர்களை இவ்வாராய்ச்சியில் ஊக்கிய கில்பர்ட் பௌலர் என்னும் அறிஞர் பின்னர் நம் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார் என்பது நாம் அறிந்துகொள்ளத் தக்க செய்தி.

நுண்ணுயிர்கள் அழுக்கை உண்டு முடித்த பின்னர், அவற்றை நீரிலிருந்து பிரித்தாக வேண்டும். பெரிய தொட்டியில் நீரைச் சில மணி நேரம் அசையாமல் நிறுத்தினால், நுண்ணுயிர்த் திரள்கள் அடியில் தங்கும். மேலே தெளிந்த நீர் வழிந்தோடும். கேட்பதற்கு எளிதாக இருப்பினும், இதிலேதான் பல நிலையங்கள் இடறுகின்றன. சில வேளைகளில் இழை போன்ற நுண்ணுயிர்கள் மிகுந்து, கசடு பஞ்சுபோல உப்பிவிடுகிறது, தங்க மறுக்கிறது. அப்போது கசடே நீருடன் சேர்ந்து ஆற்றுக்குப் போய்விடும். செய்த வேலையெல்லாம் வீணாகும்.

தங்கவைப்பதற்குப் பதிலாக வடித்தெடுத்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. மிக நுண்ணிய துளைகளையுடைய செயற்கைச் சவ்வுகளைச் செய்ய மனிதன் கற்றுக்கொண்ட பின்னர் அவ்வெண்ணம் கைகூடியது. 1989-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் கசுவோ யமமோட்டோவும் அவருடைய துணைவர்களும், உள்ளீடற்ற இழைகளாற் செய்த சவ்வைக் கசடுத் தொட்டிக்குள்ளேயே மூழ்கவைத்து, நீரை மட்டும் மெல்ல உறிஞ்சி எடுக்கலாம் என்று காட்டினர். இன்று உலகெங்கும் இத்தகைய சவ்வு நிலையங்கள் பல இயங்குகின்றன. அவற்றின் துளைகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானிற் பாதிக்கும் குறைவானவை. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாக்டீரியா ஏறத்தாழ ஒரு மைக்ரான் அளவினது. ஆதலால் அத்துளையில் அது புகாது.

சிறப்பான முறைதான், ஆனால் செலவு மிக்கது. சவ்வின் விலை ஒன்று. அதனினும் பெரிய தொல்லை, சவ்வு அடைபடுதல். கசடிலுள்ள பசைப்பொருள்கள் சவ்வின்மேற் படிந்து துளைகளுக்குள்ளும் புகுகின்றன. அவற்றை நீக்கக் காற்றை ஓயாது செலுத்த வேண்டும். இரசாயனப் பொருள்களால் அவ்வப்போது கழுவ வேண்டும். சில ஆண்டுகளுக்குப் பின் சவ்வையே மாற்ற வேண்டும். விலை கொடுத்து வாங்கிய நுண்ணிய துளைகள் ஒருபுறம். அவற்றை மூட வரும் அழுக்குப் படலம் மறுபுறம். இரண்டுக்கும் இடையே முடிவில்லாத போராட்டம்.

இவ்விடத்தில் நாம் நம்முடைய பருத்தித் துணியையும் அல்டோனாவின் அழுக்குப் போர்வையையும் மீண்டும் எண்ணிப் பார்ப்போம். அந்த அழுக்குப் படலம் தானே ஒரு நல்ல வடிகட்டியாயிற்றே! அப்படியிருக்க, விலையுயர்ந்த சவ்வு எதற்கு? படலம் ஏறி அமர்வதற்கு ஓர் இருக்கை மட்டும் அமைத்துக் கொடுத்தால் போதாதா?

இக்கேள்விக்கு வழி திறந்தது வேறொரு துறை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானிகள் உப்பு நீரை நன்னீராக்க முயன்று வந்தனர். சிர்க்கோனியம் என்னும் உலோகத்தின் உப்பைச் சிறிதளவு நீரிற் கலந்து, நுண்துளைகள் உள்ள ஒரு தாங்கியின்மேல் அழுத்தத்துடன் ஓடச் செய்தால், அத்தாங்கியின்மேல் மெல்லிய படலம் ஒன்று தானே அமைந்து உப்பைத் தடுக்கிறது என்று 1966-ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்தனர். படலம் கெட்டுவிட்டால் கழுவிவிட்டுப் புதிதாக அமைத்துக்கொள்ளலாம். முன்னரே செய்து வைத்த பொருளாக இராமல், நீரோட்டத்திலேயே பிறந்து, தேய்ந்து, மீண்டும் பிறப்பதால், இதற்கு இயங்கு சவ்வு என்ற பெயர் பொருந்துவதாயிற்று.

கழிவுநீருக்கு வேறு பொருளைக் கலக்கவும் தேவையில்லை. படலத்துக்குரிய பொருள் கசடாகவே அதில் நிறைந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஜப்பானில் கிசோ என்பவரும் அவருடைய துணைவர்களும், 2002-ஆம் ஆண்டில் சீனாவில் பான், ஹுவாங் என்னும் இருவரும், சவ்வுக்குப் பதிலாகச் சாதாரண வலைத்துணியையே கசடுத் தொட்டியில் மூழ்கவைத்து நடத்திய ஆராய்ச்சிகளை வெளியிட்டனர். அவ்வலைகளின் கண்கள் 100 மைக்ரான் போன்ற அளவினவாக இருந்தன. 100 மைக்ரான் என்பது தடித்த ஒரு தலைமயிரின் பருமன். ஒரு மைக்ரான் அளவுள்ள பாக்டீரியாவுக்கு அக்கண் எத்தகையது? ஒரு முழ அகலமுள்ள உயிர், நூறு முழ அகலமுள்ள கோட்டை வாயிலின் முன் நிற்பது போன்றது. அந்த வாயில் எவ்வாறு அடைபடுகிறது?

கசடிலுள்ள நுண்ணுயிர்கள் தனித்தனியே அலைவதில்லை. தாமே சுரக்கும் பசையால் ஒன்றோடொன்று ஒட்டி, பத்து மைக்ரான் முதல் நூறு, இருநூறு மைக்ரான் வரையிலான திரள்களாகவே மிதக்கின்றன. நீர் வலையைக் கடக்கத் தொடங்கியதும், பெரிய திரள்கள் கண்களின் ஓரத்தில் ஒதுங்குகின்றன. ஒரே கண்ணை நோக்கிப் பல திரள்கள் நெருங்கும்போது, கூட்டம் வாயிலில் நெருக்குண்டு நிற்பது போல, அவை ஒன்றையொன்று தாங்கி வளைவாக நின்றுவிடுகின்றன. கண் சுருங்குகிறது, சுருங்கிய கண்ணில் சிறிய திரள்களும் சிக்குகின்றன. வலையை ஒட்டிப் பசை மிகுந்த மெல்லிய அடுக்கும், அதன்மேல் தளர்ந்த கசடு அடுக்கும் உண்டாகின்றன. சில நிமிடங்களிலோ, ஒன்றிரண்டு மணிக்குள்ளோ இது நிகழ்ந்துவிடுகிறது. அதன் பின்னர் வடியும் நீர் கண்ணாடி போலத் தெளிகிறது. தொட்டிக்குள் ஒரு லிட்டர் நீரில் சில ஆயிரம் மில்லிகிராம் கசடு இருக்க, வெளியே வரும் நீரில் சில மில்லிகிராம் அளவே எஞ்சுவதும் உண்டு.

இனி, படலத்தைக் கட்டியாளும் விதம். பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் ஹென்றி தார்சி, தம் ஊராகிய திஜோனின் நீர் வழங்கலை ஒட்டி மணலில் நீர் இறங்குவதை ஆராய்ந்து, 1856-ஆம் ஆண்டில் ஒரு விதியை வெளியிட்டார். நீரைத் தள்ளும் அழுத்தம் கூடினால் நீரோட்டம் கூடும். படுகையின் தடிமன் கூடினால் நீரோட்டம் குறையும் என்பது அதன் சாரம். அப்படியானால், படலம் தடித்து நீர் குறையும்போது அழுத்தத்தைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடுமே என்று நீங்கள் நினைக்கலாம். கசடு மணலன்று என்பதை மறவாதீர்கள். மணல் மணி அழுத்தினாலும் தன் வடிவத்தை விடாது. கசடுத் திரளோ ஈரப் பஞ்சு போன்றது. அழுத்த அழுத்த அது நசுங்கி, தன்னுள்ளே இருந்த வழிகளைத் தானே மூடிக்கொள்ளும். பலத்தைக் கூட்டியவன் நீரைக் குறைத்தவன் ஆவான். ஆகவேதான் இம்முறையில் சில சென்டிமீட்டர் முதல் சில பத்துச் சென்டிமீட்டர் வரையிலான நீர்மட்ட வேறுபாட்டையே பயன்படுத்துகின்றனர். பல வேளைகளில் உறிஞ்சு பம்பு கூட வேண்டுவதில்லை. நீரின் எடையே அதனை வெளியே தள்ளிவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 மாணவர் தங்கும் விடுதி ஒன்றில், ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் கழிவுநீர் என்று கொண்டால், மொத்தம் 30,000 லிட்டர். ஒரு சதுர மீட்டர் வலை மணிக்கு 40 லிட்டர் வடிக்கும் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 960 லிட்டர் ஆகிறது. ஆக, 31 சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான வலை வேண்டும். சுத்தம் செய்யும் நேரத்தையும் எண்ணி 40 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மீட்டர் சதுரமுள்ள, இரு பக்கமும் வலை கட்டிய சட்டங்கள் 20 இருந்தாற் போதும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீரைப் பரப்பினால் அதன் உயரம் ஒரு மில்லிமீட்டர். ஆதலால் நம் வலையில் நீர் செல்லும் வேகம் மணிக்கு 40 மில்லிமீட்டர். கோக் தம் மணற்படுகைக்கு வகுத்த எல்லையான 100 மில்லிமீட்டருக்கு உட்பட்டே இது நிற்கிறது. அழுக்குப் போர்வையின் வழியே நீர் மெல்லத்தான் செல்ல வேண்டும்.

படலம் அளவுக்கு மேல் தடித்துவிட்டால் என் செய்வது? சட்டத்தின் அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை வேகமாக எழுப்பினாலோ, வலையைத் தூரிகையால் தேய்த்தாலோ, நீரை எதிர்த்திசையிற் செலுத்தினாலோ படலம் கழன்று தொட்டியிலேயே விழுந்துவிடும். கண்கள் பெரியனவாதலால் அழுக்கு உள்ளே புகுந்து ஒளிவதற்கு இடம் குறைவு. பெரும்பாலும் இரசாயனக் கழுவல் வேண்டுவதில்லை. ஆயினும் இங்கே அல்டோனாவின் பாடத்தை நாம் மறக்கலாகாது. சுத்தம் செய்த உடனே வடிகட்டி வடிகட்டியாக இராது; அது வெறும் வலை. அப்போது வெளிவரும் கலங்கல் நீரை ஆற்றுக்கு விடாமல் தொட்டிக்கே திருப்பிவிட வேண்டும். நீர் தெளிந்த பின்னரே வாயிலைத் திறக்க வேண்டும். இந்தச் சிறு ஒழுங்கைக் கைவிட்டால் முறை முழுவதும் பயனற்றதாகிவிடும்.

இம்முறையின் குறைகளையும் சொல்லாமல் விடுவது முறையாகாது. கழிவுநீரின் தன்மையும் கசடின் தன்மையும் மாறினால் படலத்தின் தன்மையும் மாறும்; சில வேளை படலம் இடையிலே பிய்ந்துவிடும். செய்து முடித்த சவ்வுக்கு உள்ள உறுதி இதற்கு இல்லை. வைரஸ் போன்ற மிக நுண்ணிய கிருமிகளுள் சில இதனைக் கடந்து செல்லக்கூடும். தனித்தலையும் பாக்டீரியாவும் ஓரளவு தப்பிச் செல்லும். எனவே, வடிந்த நீர் கண்ணாடி போல இருக்கிறதே என்று அதனைப் பருகுவது பேதைமை. தெளிவு வேறு, தூய்மை வேறு. மக்கள் கைபடும் இடங்களில் அந்நீரைப் பயன்படுத்துவதற்கு முன் குளோரினாலோ புறஊதாக் கதிராலோ கிருமி நீக்கம் செய்தாக வேண்டும். மேலும், இம்முறை இன்றும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூட அளவிலும் மாதிரி நிலைய அளவிலுமே நடைபெற்று வருகிறது.

இக்குறைகள் இருந்தும் இம்முறை நம் கவனத்துக்கு உரியதென்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. உயர்ந்த சவ்வு வாங்கும் வசதியுள்ள நகரம் அதை வாங்கிக்கொள்ளட்டும். அவ்வசதியில்லாத சிற்றூரும் விடுதியும் தம் கழிவுநீரை அப்படியே ஓடையில் விடுவதா, அல்லது முழு நிறைவு இல்லாவிடினும் நல்லதொரு முறையால் வடித்து விடுவதா என்பதே கேள்வி. ஒரு வலைத்துணியும், சில சாண் நீர்மட்டமும், கவனித்துப் பார்க்க ஒரு மனிதரும் இருந்தால், ஓடையின் மீன்கள் பிழைப்பதற்கு வழி பிறக்கும். அந்த மூன்றினுள் மிக அரிதானது மூன்றாவதே. படலம் எப்போது பிறந்தது, எப்போது தடித்தது, எப்போது பிய்ந்தது என்று அறிந்து நடப்பவர் இல்லையெனில், எந்த வடிகட்டியும் பயன் தராது. அத்தகைய கண்ணும் கருத்தும் உடைய பொறியாளர்களாகவும் இரசாயன அறிஞர்களாகவும் உங்களுட் சிலரேனும் வளர வேண்டுமென்று விரும்புகிறேன். இன்று மாலையே ஒரு துணியை எடுத்துக் கலங்கல் நீரை வடித்துப் பாருங்கள். எத்தனையாவது குவளையில் நீர் தெளிகிறது, எத்தனையாவது குவளையில் நின்றுபோகிறது என்று குறித்து வையுங்கள். அவ்விரு எண்களுக்கும் இடையிலேதான் இந்த விஞ்ஞானம் முழுவதும் அடங்கியிருக்கிறது.